டி.ஜே. இசையும் வீட்டுப் பதிவும்: தரைக்கும் கூரைக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

என் தங்கை பேரன் கல்யாண வரவேற்புகளில் டி.ஜே.யாக இருக்கிறான். என்னிடம் இயற்பியல் படித்தவர்களிலும் இரண்டு பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். போன மாதம் பேரன் கேட்டான்: "தாத்தா, மண்டபத்துல நல்லா கேக்குது. அதையே வீட்டுல வாசிச்சு ரெக்கார்டு பண்ணினா கரகரன்னு இருக்கு. இல்லைன்னா சத்தமே இல்லாம இரைச்சலா இருக்கு. ஏன்?"

நாலு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாகவே வந்துவிடும். வகுப்பிலும் நான் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்!

ஒலிப்பதிவை ஒரு அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். அறையின் தரை, கருவியின் சொந்த இரைச்சல். பாட்டே இல்லாவிட்டாலும் அந்த 'உஸ்' என்ற சத்தம் இருக்கும். அறையின் கூரை, அந்தக் கருவி தாங்கும் உச்ச அளவு. அதற்கு மேல் போனால் ஒலி நசுங்கிக் கரகரக்கும். பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நடமாட வேண்டும். தரைக்கும் கூரைக்கும் உள்ள உயரத்தை டெசிபெல் என்ற அலகில் சொல்வோம். வீட்டுப் பதிவின் வரலாறு முழுவதும் இந்த அறையின் உயரத்தைக் கூட்டிய வரலாறுதான். அறை உயர்ந்த பிறகும் மனிதர்கள் பழைய பழக்கத்தில் கூரையில் தலையை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் அதே வரலாற்றில் சேர்த்தி.

முதலில் டி.ஜே. கலை எங்கே பிறந்தது என்று பார்ப்போம்.

நியூயார்க் நகரத்தில் 'சாங்க்சுவரி' என்று ஒரு நடன விடுதி இருந்தது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பிரான்சிஸ் கிராஸோ என்பவர் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டின் தாளத்தை அதன் மேல் பொருத்தி, ஆடுகிறவர்களின் கால் நிற்காதபடி பார்த்துக்கொண்டார். அதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கைக்காக ஒரு விருந்தில் இசைத்தட்டுகள் ஓட்டினார். ஜமைக்காவில் பிறந்து, 1967இல் அமெரிக்கா வந்தவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, தாளம் மட்டும் வரும் சில விநாடிப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள்.

அவருக்குப் பின்னால் வந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். கூட்டத்துக்கு ஒரு தட்டு ஒலிக்கும்போது அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்கத் தோதாகத் தானே ஒரு சுவிட்ச் அமைத்துக்கொண்டார். பள்ளியில் சுற்று வரைந்து படித்தது எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இந்தச் செய்தி!

இப்போது கவனியுங்கள். ஹிப் ஹாப் பாட்டு ஒன்று இசைத்தட்டாக வந்து பெரிய வெற்றி பெற்றது 1979இல்தான். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் இந்தக் கலை ஏறக்குறைய முழுவதும் நேரடி நிகழ்ச்சியாகவே இருந்தது. எந்த கம்பெனியும் பதிவு செய்யவில்லை. அன்றைய ஒலியாக இன்று கிடைப்பவை, விருந்துகளில் எடுத்த கேசட்டுகள். கை மாறிக் கை மாறிப் பிரதி எடுக்கப்பட்டவை, காசுக்கு விற்கப்பட்டவை, வாடகைக் கார்களில் ஓடியவை. சரித்திர ஆசிரியர் கல்வெட்டைத் தேடுவது மாதிரி இன்றைக்கு ஆய்வாளர்கள் அந்தக் கேசட்டுகளைத் தேடுகிறார்கள். ஒரு கலையின் குழந்தைப் பருவம் சில கேசட்டுகளின் தரத்தை நம்பி இருக்கிறது. நல்ல பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேசட்டின் தரம் எப்படிப்பட்டது?

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்று மரக்கட்டையில் மாதிரி செய்து பார்த்தவர். பேச்சைப் பதிவு செய்தால் போதும் என்பதுதான் முதல் எண்ணம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஸ்டீரியோவில் அதை நான்கு தடங்களாகப் பங்கு போட வேண்டும். ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியது, அதாவது எட்டு மடங்கு.

வேகமும் அகலமும் ஏன் முக்கியம்? நாடாவில் இருப்பது நுண்ணிய காந்தத் துகள்கள். ஒரு விநாடியில் எத்தனை அதிகத் துகள்கள் தலைமுனையைக் கடக்கின்றனவோ, அத்தனைக்கு அவற்றின் ஒழுங்கின்மை சராசரியாகிக் குறையும். ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டைப் பல முறை எடுத்துச் சராசரி போடச் சொல்வேனே, அதே கணக்கு. கேசட்டில் துகள் குறைவு, எனவே இரைச்சல் அதிகம். சாதாரணக் கேசட்டில் அறையின் உயரம் ஏறக்குறைய 50 டெசிபெல்தான். தரை மேலே வந்துவிட்ட குள்ளமான அறை.

அதனால் கேசட் காலத்து டி.ஜே.க்கள் ஒரு விதி கற்றார்கள்: லெவலை நன்றாக ஏற்று, முள் சிவப்பைத் தொட்டால் தொடட்டும். தரையில் கிடக்கும் இரைச்சலை விட்டு எட்டிப் போக வேறு வழியில்லை. கூரையும் கொஞ்சம் கருணை காட்டியது. காந்தத் தயக்கம் பாடத்தில் கரும்பலகையில் ஒரு வளைகோடு போடுவேன், நினைவிருக்கிறதா? காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோடு சட்டென்று முறியாது, மெல்ல வளைந்து தெவிட்டுநிலைக்கு வரும். நாடாவிலும் அப்படித்தான். அளவு மிஞ்சினால் ஒலி படிப்படியாகத்தான் நசுங்கும். பறையையும் டிரம்ஸையும் அது கொஞ்சம் தடிப்பாகவும் கதகதப்பாகவும் காட்டும். பலருக்கு அது பிடித்தும் இருந்தது.

அந்த முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வி.யு. மீட்டர் என்ற அந்த அளவி, 1939இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனங்களும் பெல் ஆய்வகமும் சேர்ந்து வகுத்த தரம். முள் தன் இடத்துக்கு வர விநாடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். காது உணரும் சராசரிச் சத்தத்தைக் காட்டுமே தவிர, நொடிப்பொழுது வந்து போகும் டிரம் அடியின் உச்சத்தைக் காட்டாது. அதில் 0 என்ற புள்ளி கூரை இல்லை. 'இங்கே இருந்தால் வசதி' என்ற அடையாளக்கோடு, அவ்வளவுதான். அதற்கு மேலும் இடம் உண்டு. இந்தச் சுழியத்தை நினைவில் வையுங்கள், பிறகு திரும்ப வருவேன்.

தரையைத் தாழ்த்தும் வேலையைச் செய்தவர் ரே டால்பி. ஐ.நா. சார்பில் நம் இந்தியாவில் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்துவிட்டு, 1965இல் லண்டனில் நிறுவனம் தொடங்கியவர். வீட்டுக் கருவிகளுக்கான 'டால்பி பி' 1968இல் வந்தது. பதியும்போது மெல்லிய உயர்சுருதி ஒலிகளை உயர்த்திப் பதியும், கேட்கும்போது அதே அளவு இறக்கும். இறக்கும்போது நாடாவின் 'உஸ்' சத்தமும் சேர்ந்து இறங்கிவிடும். லாபம் சுமார் 10 டெசிபெல். குரோமியம் டை ஆக்ஸைடு பூசிய நாடாவும் சேர்ந்ததும் கேசட் இசைக்குத் தகுதியான பொருளாயிற்று.

இரைச்சலுக்கு அடுத்த எதிரி 'ஹம்' என்னும் ரீங்காரம். இசைத்தட்டின் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டில் தாழ்சுருதியைக் குறைத்தும் உயர்சுருதியைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். 1954 முதல் அதற்குப் பொதுவான தரம் இருக்கிறது. கேட்கும்போது தாழ்சுருதியைத் திரும்ப உயர்த்த வேண்டும். அப்போது மின்கம்பியிலிருந்து நுழையும் ரீங்காரமும் உயர்ந்துவிடும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. டர்ன்டேபிளிலிருந்து மிக்ஸருக்கு ஒரு மெல்லிய எர்த் ஒயர் தனியாக ஓடுவது இதற்காகத்தான். அதை மாட்டாமல் விட்டு மொத்த மிக்ஸரையும் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு.

மூன்றாவது எதிரி, பிரதிக்குப் பிரதி எடுப்பது. சிகாகோவில் 1981 முதல் டபிள்யூ.பி.எம்.எக்ஸ். வானொலியில் 'ஹாட் மிக்ஸ் ஃபைவ்' என்ற ஐந்து டி.ஜே.க்கள் குழு கலக்கிய இசை ஒலிபரப்பானது. இளைஞர்கள் வீட்டில் கேசட்டில் பிடித்து, நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் ஒரு படி ஏறும், உயர்சுருதி ஒரு படி மங்கும். இது உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எண்பதுகளில் நம் ஊர்களிலும் தெருவுக்கொரு ரெக்கார்டிங் சென்டர். தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, 60 அல்லது 90 கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். விவரம் தெரிந்தவர்கள் "எல்.பி. ரெக்கார்டுல இருந்து எடுத்துக் கொடுங்க" என்று அழுத்திச் சொல்லுவார்கள். நான் கொடுத்த ஒரு கடையில் தலையை ஆட்டிவிட்டு, கேசட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். புல்லாங்குழல் போர்வைக்குள்ளிருந்து கேட்டது. மூலம் எப்படியோ பிரதியும் அப்படித்தான்.

பிறகு எண்முறைப் பதிவு வந்தது. 1982இல் குறுந்தட்டு. விநாடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. 2இன் அடுக்கு 16 என்றால் 65,536 படிகள். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 16 × 6 = 96 டெசிபெல். கேசட்டின் 50ஐ நினைத்துப் பாருங்கள். தரை பாதாளத்துக்குப் போய்விட்டது. வீட்டில் பதிய 1992இல் மினிடிஸ்க், பிறகு கணினி. 2000இல் ஆடாசிட்டி என்ற மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டார்கள்.

ஆனால் கூரையின் குணம் மாறிவிட்டது. கடைசி எண்ணுக்கு மேல் எண் கிடையாது. அலையின் உச்சி அதைத் தாண்டினால், தாண்டிய பகுதி கத்தியால் சீவிய மாதிரி தட்டையாகிவிடும். நாடாவின் வளைகோடு கிடையாது, கருணையும் கிடையாது. அந்தத் தட்டையான உச்சிதான் பேரன் சொன்ன 'கரகர'. ஒருமுறை சீவப்பட்டதைப் பிறகு வால்யூமைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

இப்போது அந்தச் சுழியத்துக்கு வருவோம். டி.ஜே. மிக்ஸரின் விளக்கு வரிசையில் 0 என்பது பழைய முள்ளின் வாரிசு, அதற்கு மேலும் இடம் இருக்கும். பதிவு மென்பொருளில் 0 என்பதே கூரை. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. பழையவர்கள் சொல்லிக்கொடுத்த 'சிவப்பைத் தொடு' என்ற விதி நாடாவுக்குச் சரி. நாடா போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு வீட்டில் கெட்டுப்போகும் பதிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெடுகின்றன என்பது என் கணிப்பு.

டி.ஜே.க்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். காரணம், மேற்பொருந்துதல் தத்துவம். இரண்டு பாட்டுகளின் தாளத்தை அச்சாகப் பொருத்துவதுதானே திறமை? அப்போது ஒரு பாட்டின் டிரம் அடி, மற்றதன் அடி மேல் விழும். சமமான இரண்டு அலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் வீச்சு இரட்டிக்கும். அது 6 டெசிபெல் ஏற்றம். தனித்தனியே ஓடும்போது கூரைக்குக் கீழே சரியாக நின்ற பாட்டுகள், கலக்கும் அந்த அரை நிமிடத்தில் மட்டும் கூரையை இடிக்கும். திறமை காட்டும் இடமே கெட்டுப்போகும்!

ஆகவே இன்றைய முறையை வரலாற்றிலிருந்தே வருவித்துவிடலாம்.

1. 24 பிட்டில் பதியுங்கள். 1,67,77,216 படிகள். கணக்குப்படி 144 டெசிபெல். கருவிகளின் சொந்த இரைச்சலால் அவ்வளவும் கிடைக்காது. கிடைப்பதே தாராளம். தரையைப் பற்றிய பயம் தேவையில்லை.

2. ஆகவே கூரைக்குக் கீழே இடம் விடுங்கள். ஒற்றைப் பாட்டு ஓடும்போது அதன் மிக உரத்த இடம் பதிவு மென்பொருளில் கழித்தல் 10 அருகே இருக்கட்டும். கலக்கும்போது 6 ஏறினாலும் இடிக்காது.

3. ஒவ்வொரு பாட்டையும் ஓட்டும் முன் அதன் சேனலில் உள்ள கெயின் திருகால் சமப்படுத்துங்கள். பழைய பாட்டு மெதுவாக இருக்கும், புதியது உரக்க இருக்கும். கடைசியில் மாஸ்டரைக் குறைத்து ஒப்பேற்றினால் போதாது. சேனலிலேயே நசுங்கியது நசுங்கியதுதான். பேஸ் திருகை ஏற்றினாலும் லெவல் ஏறும் என்பதை மறக்காதீர்கள்.

4. ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதியாதீர்கள். சுவரின் எதிரொலி முதல் குக்கர் விசில் வரை அத்தனையும் சேரும். போன் தானாக லெவலைச் சரிசெய்யும்போது, பாட்டு தணியும் இடத்தில் இரைச்சல் பொங்கி வரும். மிக்ஸரின் 'ரெக் அவுட்' துளையிலிருந்து கம்பி எடுங்கள். பல மிக்ஸர்களில் மாஸ்டர் வால்யூமை மாற்றினாலும் அந்த வழியில் போகும் அளவு மாறாது. கணினியிலேயே கலக்குபவர்கள் மென்பொருளின் உள்பதிவை வைத்துக்கொள்ளலாம்.

5. இசைத்தட்டு ஓட்டுபவர்கள் எர்த் ஒயரைப் பாருங்கள். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் வேண்டாம். அதிர்வு ஊசிக்குள் புகுந்து தாழ்சுருதி குமுறும்.

6. மூலம் நன்றாக இருக்கட்டும். எம்.பி.3 காது கவனிக்காதவற்றைக் கழித்துச் சுருக்கும் முறை. அதைக் கலக்கி, திரும்பவும் எம்.பி.3 ஆக்கினால், கழித்ததிலிருந்து மறுபடி கழிக்கிறோம். பழைய ரெக்கார்டிங் சென்டர் கதைதான். பதிவை வேவ் அல்லது பிளாக் கோப்பாக வையுங்கள். அனுப்புவதற்கு மட்டும் சுருக்குங்கள்.

7. சத்தத்தை எல்லாம் முடிந்த பிறகு, உச்சியை அளந்து கூட்டுங்கள். உரக்க இருந்தால்தான் கேட்பார்கள் என்ற போட்டிக்கும் இப்போது பெரிய பயன் இல்லை. காது உணரும் சத்தத்தை அளக்க 2006இல் சர்வதேசத் தரம் வந்தது. அந்த வழியில் பல இசைத் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நசுக்கி உரக்கச் செய்ததை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் அப்படியே நிற்கும்.

கடைசியாக ஒன்று. பிராங்ஸ் இளைஞர்களிடம் 24 பிட் இல்லை. 50 டெசிபெல் அறைக்குள் அவர்கள் பதிந்ததால்தான் இன்று நமக்கு அந்த ஒலி கிடைக்கிறது. ஆனால் பல கேசட்டுகளில் தேதி இல்லை, இடம் இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை. ஒலி மிஞ்சினாலும் யாருடையது என்று தெரியாமல் போகிறது. உங்கள் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நாள், ஊர், வாசித்தவர், பாட்டுகளின் வரிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். நாற்பது வருடம் கழித்து அதைத் தேடி யாராவது வரலாம், அது உங்கள் பேத்தியாகவும் இருக்கலாம்.

டி.ஜே. வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்த முறையில் ஒன்று பதிந்து, கீழே போடுங்கள். பாட்டின் தாளம் எனக்குப் புரியாமல் போகலாம், கரகர இருந்தால் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவேன். மதிப்பெண்ணும் உண்டு!